உப்பு இறங்கும் வழி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல்நிலத்தை எழுவான்கரை என்போம். சூரியன் எழுகிற கரை. வாவிக்கு மேற்கே வயல்கள் விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையில் குடியிருந்து தோணியேறிப் போய்ப் படுவான்கரையில் வயல் செய்வது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். வயல் இல்லாதவர்களுக்கும், யுத்தத்தில் வயலைக் கைவிட்டவர்களுக்கும் மிஞ்சியது இந்த மணல்தான்.

மணலில் என்ன விளையும் என்று இங்கே அகதி முகாமில் என்னோடு இருந்த யாழ்ப்பாணத்து நண்பர்கள் கேட்டார்கள். செம்மண்ணைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் மண் மண்ணாகவே தெரியாது. களுதாவளைப் பக்கம் ஒருமுறை போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெற்றிலை, வெங்காயம், மிளகாய், கத்தரி, பயற்றை எல்லாம் அந்த மணலில்தான் விளைகின்றன. பட்டியிலிருந்து மாட்டெருவை அள்ளிக்கொண்டு வந்து கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, மணலை மண்ணாக்கி வைத்திருப்பார்கள். ஊற்றிய தண்ணீர் அதில் நிற்காது. சல்லடையில் வார்த்ததுபோல இறங்கிவிடும். ஆகவே எழுவான்கரையில் தோட்டம் என்றால் முதலில் கிணறு. அதிகம் தோண்டத் தேவையில்லை. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு தோண்டிக் கொட்டு இறக்கினால் நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்கும், கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். சின்ன வயதில் இதை யாரும் அதிசயம் என்று எனக்குச் சொல்லவில்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. கடற்கரையிலிருந்து நானூறு மீற்றர் இருக்கும். அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். இப்போது அது அக்காவின் பேரில் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு பிடி மணலும் சொந்தமில்லை. இதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இது முக்கியமாக வரும்.

2004 டிசம்பர் 26 காலையில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் குடும்பத்தில் சின்னம்மாவும் அவவின் இரண்டு பிள்ளைகளும். எனக்கு அப்போது பதினேழு வயது. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல. மனிதரைப் புதைத்துவிட்டு மண்ணைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தவர்களைப் பற்றியது.

*

மாரிப் பயிர் நிலத்தில் நின்ற நேரம் அது. வெங்காயம் பிடுங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. தண்ணீர் வந்து போன மறுநாள் அது பச்சையாகத்தான் நின்றது. நாலாம் நாள் தாளின் நுனி வெள்ளையாகி, பிறகு நெருப்புப் பட்டதுபோலக் கருகி வந்தது. பயிருக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, குடிக்க முடியவில்லை. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம் உப்பு. மண்ணுக்குள் அவ்வளவு உப்பு இருந்தால் வேர் தண்ணீரை உறிஞ்ச இயலாது. ஈர மண்ணில் நின்றபடியே பயிர் தாகத்தில் சாகும்.

தோட்டம் முழுக்க ஓடு, கல், தகரம், வலைத் துண்டு, யாருடையதென்று தெரியாத சட்டிபானை. கிணற்றுக்குள் சேறும் செத்த கோழியும். குடிக்கவும் தண்ணீர் இல்லை, குளிக்கவும் இல்லை. ஜனவரி பிறந்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பிள்ளைகள் மோட்டர்களைக் கொண்டுவந்தார்கள். நல்ல பிள்ளைகள். எங்கேயோ தூரத்திலிருந்து வந்து, வெயிலிலும் மழையிலும் நின்று, ஊரில் ஒவ்வொரு கிணறாக இறைத்தார்கள். அடிவரை இறைத்து, சேற்றை அள்ளி, மருந்து போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் தண்ணீர் ஊறும். வாயில் வைத்தால் உப்பு. திரும்ப வருவார்கள், திரும்ப இறைப்பார்கள். இன்னும் உப்பு. மூன்றாந்தரம் இறைத்தபோது முதல் தடவையைவிடக் கூடுதல் உப்பு.

பக்கத்து வளவுப் பெரியப்பா தன்னுடைய கிணற்றுக்கு மோட்டர் வைக்க விடவில்லை. சேற்றைக் கையால் அள்ளினார், வாளியால் மெல்ல மெல்லக் கொஞ்சம் இறைத்தார், பிறகு மூடிவைத்தார். “அதக் கலக்காத மனே. மேல உள்ளது மழ தந்தது, கீழ உள்ளது கடல்ர. இழுத்தா கடல்தான் வரும்” என்று என்னிடம் சொன்னார். கிழவர் சோகத்தில் பிடிவாதம் பிடிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு மகளும் பேரப்பிள்ளையும் போயிருந்தார்கள்.

அவர் சொன்னது சரி என்று பிறகு அளந்து சொன்னார்கள். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை 2005 இல் தொடர்ச்சியாகப் பரிசோதித்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தினர், துப்புரவாக்குவதற்காகத் திரும்பத் திரும்ப இறைப்பது கீழே கிடக்கும் உப்புநீரை மேலே இழுக்கும் என்று எச்சரித்தார்கள். எச்சரிக்கை வரமுன்பே எங்கள் ஊரில் மோட்டர்கள் தங்கள் வேலையை முடித்திருந்தன.

*

நிலத்துக்கு வருவோம். அப்பா முதலில் செய்தது கல் பொறுக்குவது. அதற்கே இரண்டு மாதம் போனது. பிறகு மேலே படிந்திருந்த சேற்றுத் தோலைச் சுரண்டி ஒரு மூலையில் குவித்தார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. உண்மையில் அதுதான் பெரிய வேலை. உரம் தருகிறோம், விதை தருகிறோம், உடனே நட்டுக் காட்டுங்கள், படம் எடுக்க வேண்டும் என்று ஆட்கள் வந்துகொண்டிருந்த நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு மனத்தைரியம் வேண்டும்.

தோட்டத்தின் பல இடங்களிலிருந்து மண் எடுத்து, ரின்பால் பேணிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு ஊன்றி, மழைத்தண்ணீர் தெளித்து வைப்பார். எந்தப் பேணியில் எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார். பெப்ரவரியில் ஓரிரண்டு தலை காட்டி மடிந்தன. மாசி, பங்குனியில் பெய்த சிறு மழைகளுக்குப் பிறகு நாலைந்து. கோடையில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திரும்பக் குறைந்தது. தண்ணீர் வற்ற வற்ற அடியிலிருந்த உப்பு மேலே ஏறியிருக்கிறது. வெறும் மணல் காயாமல் இருக்கத் தென்னோலையும் பொச்சும் பரப்பினோம். தெரிந்த ஒருவரின் மாடுகளை ஆனி, ஆடி மாதங்களில் இரவில் தோட்டத்தில் பட்டி அடைத்தோம். பிறகு 2005 மாரி வந்தது. மார்கழியில் பத்துப் பேணியிலும் பயறு முளைத்தது. அந்த வருடக் கடைசியில் கீரையும் பயறும் போட்டோம். வெங்காயத்துக்கு அப்பா இன்னும் ஒரு மாரி பொறுத்தார்.

ஏன் இப்படி நடந்தது என்று எனக்கு விளங்கியது 2007 க்குப் பிறகு. விவசாயம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மூன்றாம் வருடம் முடியமுன் நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டியதாயிற்று. காரணம் இங்கே தேவையில்லை. ஆனால் மண்ணியல் பாடம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. ஓரடி ஆழ மண்ணுக்குள்ளால் ஓரடி உயரத் தண்ணீர் கீழிறங்கிப் போனால் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு கழுவுப்பட்டுப் போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மட்டக்களப்பில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை, ஐந்தடிக்கு மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்க்கிறது. எங்கள் மணலோ தண்ணீரைத் தடுக்காத மணல். எதையும் பிடித்து வைக்கத் தெரியாத மண் என்று எங்களைப் பரிகசிக்க வைத்த அதே குணம் உப்பையும் பிடித்து வைக்கவில்லை.

பயிர்களுக்கும் இதில் பொறுமை ஒரே அளவில்லை. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். போஞ்சி 1 ஐத் தாண்டினாலே விளைச்சல் குறையும், வெங்காயம் 1.2 வரை, நெல் 3 வரை, பார்லி 8 வரை தாங்கும். அப்பா வெங்காயத்தைக் கடைசிக்கு வைத்ததற்கு இந்த இலக்கங்கள் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்குப் பேணிகள் போதுமாயிருந்தன.

களிமண் நிலங்களின் கதை வேறு. அதைப் பேராசிரியர் சொல்லித்தந்தபோது எனக்குப் பிட்டு ஞாபகம் வந்தது. மாவைப் பதமாகக் குழைத்தால் உதிரி உதிரியாக நிற்கும், ஆவி உள்ளே போகும். பதம் தப்பினால் களியாகி ஒட்டிக்கொள்ளும், ஆவி புகாது. களிமண்ணில் கல்சியம் இருக்கும்வரை அது உதிரிப் பிட்டு. கடல்நீரின் சோடியம் வந்து கல்சியத்தின் இடத்தைப் பிடித்தால், மழை உப்பைக் கழுவத் தொடங்கிய பிறகு மண் களியாகிவிடும். தண்ணீரும் இறங்காது, காற்றும் இறங்காது. அதனால்தான் அங்கே ஜிப்சம் போடுகிறார்கள். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை இடம்பெயர்த்துவிடும், மழைநீர் அதைக் கொண்டுபோகும். எங்கள் மணலுக்கு ஜிப்சம் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் ஒரே சுனாமி, ஒரே மருந்து என்று நினைத்துக் கொண்டுவந்து இறக்கியவர்களும் இருந்தார்கள்.

நாகபட்டினத்துக் கடைமடை வயல்களில் கடற்சேறு படிந்து கிடந்தது. அதைச் சுரண்டியெடுத்து, வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழுதார்கள். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரும் அந்த வேலையில் நின்றவர். சுமாத்ராவின் ஆச்சேயில் அவசரப்பட்டு விதைத்த இடங்களில் நெல் பச்சையாகச் செழித்து வளர்ந்து கதிர் பதராகப் போனது. நிலக்கடலை காய்த்தது, கோதை உடைத்தால் உள்ளே பருப்பில்லை. அதைக் கண்ட கமக்காரரின் முகத்தை என்னால் நினைத்துப்பார்க்க முடிகிறது. செத்த பயிர் ஏமாற்றுவதில்லை. செழித்த பயிர்தான் ஏமாற்றும்.

*

நான் இப்போது இருப்பது நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஸேலண்ட் என்ற மாகாணத்தில். கடலும் அணைக்கட்டுகளும் தீவுகளுமான இடம். கோடையில் ஜேர்மன்காரர் வந்து குவிவார்கள். நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டில் மட்டிதான் முக்கியம். ஒரு நாளைக்கு எத்தனை பானை மட்டி அவிக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மீன் வைத்த கோப்பையின் ஓரத்தில் அலங்காரத்துக்குப் பச்சையாக ஒரு செடியை வதக்கி வைப்போம். ஸேக்ரால் என்பார்கள். முதல்நாள் அதைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் உமிரியின் சொந்தக்காரச் செடி. உமிரி முளைத்தால் அந்த இடம் உப்பு, தோட்டம் சரிவராது என்று அர்த்தம். இங்கே அதைக் கிராம் கணக்கில் நிறுத்து விலைக்கு வாங்குகிறார்கள்.

ஒரு விசயம் எனக்கு வந்த பிறகுதான் தெரியும். 1602 இல் மட்டக்களப்புக்கு வந்திறங்கிய முதல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன், 1601 இல் கப்பலேறியது இந்த ஸேலண்டின் ஃபேர என்ற சின்னத் துறைமுகத்திலிருந்து. நானூறு வருடத்துக்குப் பிறகு நான் எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். அவருக்கு விசா தேவைப்படவில்லை.

எங்கள் குசினிக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொண்டுவருபவர் ஒரு கமக்காரர். எழுபது தாண்டியவர். வண்டியை மகன் ஓட்டுவார், இவர் சும்மா கூட வருவார். ஸேலண்ட் வெங்காயத்துக்குப் பேர்போன இடம். ஒருநாள் மூட்டை இறக்கும்போது, எங்கள் வீட்டிலும் வெங்காயம்தான், கடல் வந்து அழித்தது என்று என் அரைகுறை டச்சில் சொன்னேன். மனிதர் மூட்டையை நிலத்தில் வைத்துவிட்டார். “எங்களுடையதையும்” என்றார்.

1953 பெப்ரவரி 1 ஆம் திகதி அதிகாலையில், புயலும் பொங்கு கடலும் சேர்ந்து அணைகளை உடைத்தன. நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். ஒன்றரை இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் நிலம் தண்ணீருக்குள் போனது. அவருக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக் கூரையில் ஒரு இரவும் பகலும் இருந்திருக்கிறார். அவர் தகப்பனின் நிலம் பல மாதம் கடலுக்குள் கிடந்தது. அணையின் கடைசி உடைப்பை அவுவர்கேர்க் என்ற இடத்தில் அடைத்தது நவம்பரில். அடைக்கப் பயன்படுத்திய பென்னம்பெரிய கொங்கிறீற் பெட்டிகளுக்குள் இப்போது நூதனசாலை இருக்கிறது. ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்தேன். செத்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே நடக்கலாம்.

“அப்பாவுக்கு அரசாங்கம் ஜிப்சம் கொடுத்தது. கொடுத்துவிட்டு, நிலத்தில் கால் வைக்காதே என்றும் சொன்னது” என்றார் கிழவர். “உழாதே, கிளறாதே, பொறு. முதலில் பார்லி போடு. அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேலியோரம் நடந்துகொண்டே இருப்பார். மண்புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதன்முதலாகத் திரும்பவும் ஒரு புழுவைக் கண்ட நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.”

ஒல்லாந்தருக்கு இந்த அறிவு 1953 இல் வந்ததல்ல. பக்கத்திலுள்ள வல்கெரன் தீவின் அணையை 1944 அக்டோபரில் நேசநாட்டு விமானங்கள் குண்டுபோட்டு உடைத்தன, ஜேர்மன் படையை வெளியேற்றுவதற்காக. ஓராண்டுக்கு மேல் கடல் தினமும் வந்துவந்து போனது. மரங்களெல்லாம் பட்டுப்போயின. மண்ணை மீட்டார்கள். ஆனால் மீட்டபோது காணிகளைத் திரும்பப் பிரித்துப் பெரிதாக்கி, சிறு கமக்காரரில் ஒரு பகுதியினரை வடக்கே புதிதாகக் கடலை வற்றவைத்து எடுத்த நிலத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. ஊர் கிடைக்கவில்லை.

எங்களுக்கு அதுவும் இல்லை. 2005 இல் கொழும்பு அறிவித்த கடலோர விலக்கு வலயம் தெற்கில் நூறு மீற்றர், வடக்கு கிழக்கில் இருநூறு மீற்றர். அதே கடல், அதே அலை. ஏன் எங்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்று கேட்டவர்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதற்குள் கரையோரத்தில் வீடும் தோட்டமுமாக இருந்த பலர் வேறு இடங்களில் குந்திவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் எல்லோரும் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. பெரியப்பாவின் வளவில் இப்போது தாழைதான் நிற்கிறது. கிணறு இருக்கிறது. நல்ல தண்ணீர்.

*

பெரியப்பா சொன்ன கணக்குக்குப் பெயர் வைத்தவரும் ஒரு ஒல்லாந்தர்தான். கைபன் என்ற இராணுவப் பொறியியலாளர், 1880களின் கடைசியில், அம்ஸ்ரர்டாம் பக்கத்துக் கிணறு ஒன்று சம்பந்தமாக எழுதியது. பிறகு 1901 இல் ஹேர்ட்ஸ்பேர்க் என்ற ஜேர்மன்காரரும் வடகடல் தீவுகளைப் பார்த்து அதையே சொன்னார். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே கடலோர மணலுக்குள் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும், நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து, ஒரு தோசையைப் போல. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே நாற்பது மீற்றர் ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். பாறை எங்கே வருகிறது, மணல் எப்படியானது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஆனால் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஒரே இடத்தில் பெரிய மோட்டரால் இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் புற்றுப்போல எழும்பி வரும்.

கடல் மேலால் வந்து ஊற்றிவிட்டுப் போன உப்பு இரண்டு மாரியில் இறங்கிப் போனது. கீழாலிருந்து நாங்கள் இழுத்தெடுக்கும் உப்புக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அதை அழுத்தி வைத்திருந்த நன்னீரைத்தானே எடுத்து முடிக்கிறோம்.

இனி மச்சானின் விசயம். அக்காவின் புருசன் நல்ல உழைப்பாளி. தோட்டத்தை இன்றைக்கும் வைத்திருப்பது அவர்தான். சென்ற வருடம் தொலைபேசியில் ஒரு குழாய்க்கிணறும் பெரிய மோட்டரும் போட்டுத்தரும்படி கேட்டார். அவர் பக்கத்து நியாயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. தண்ணீர் ஊற்றக் கூலிக்கு ஆள் இல்லை, இருக்கிற ஒன்றிரண்டு பேரும் மத்தியகிழக்குக்குப் போக ஏஜென்சியில் காசு கட்டிவிட்டு இருக்கிறார்கள். மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள், ரியூசனுக்கே மாதம் எவ்வளவோ போகிறது. கோடையிலும் பயிர் செய்தால்தான் கட்டும். பக்கத்துத் தோட்டத்துக்குக் கனடாவிலிருந்து காசு வந்து குழாய்க்கிணறு ஓடுகிறது. “அவனுக்கு ஓடுது, எனக்கு மட்டும் ஏன் ஓடக்கூடா? நீங்க அங்க இரிந்து புத்தகம் பேசுறீங்க” என்றார். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நான் இருப்பது குளிர்நாட்டில், குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீட்டில். அவர் இருப்பது வெயிலில்.

ஆனால் வேலி மேலேதான் இருக்கிறது. கீழே வேலி இல்லை. அந்தக் கனடாக் கிணறு இழுப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். இரண்டு பேர் போட்டிக்கு இழுத்தால் முதலில் கெடப்போவது மோட்டர் வாங்க வழியில்லாத மூன்றாவது வீட்டின் குடிதண்ணீர். பிறகு இரண்டு தோட்டமும். அப்போது நிலம் வெள்ளை பூத்துக் கிடக்கும். மாரி கழுவும்தான், ஆனால் கழுவிய மண்ணுக்குக் கோடையில் ஊற்ற உவர்த் தண்ணீரைத் தவிர வேறொன்று இருக்காது.

குழாய்க்கிணற்றுக்கு வைத்த காசில் வேறென்ன செய்யலாம் என்று எழுதி அனுப்பினேன். ஒன்றை ஆழமாக்காமல், தள்ளித் தள்ளி மூன்று ஆழமில்லாத கிணறுகள். சின்ன மோட்டர் ஒன்று, காலையில் ஒரு கிணறு, மாலையில் மற்றது, இறைத்த கிணறு அடுத்த நாள் ஓய்வு. பயிரின் அடியில் மட்டும் சொட்டும் குழாய். பாத்திக்கு அடியில் பொச்சைத் தாட்டால் மணல் கொஞ்சமாவது ஈரத்தைப் பிடிக்கும். எரு. கடற்கரைப் பக்கம் மணல் அள்ள வருபவர்களுக்கு இடம் கொடாதிருப்பது, ஏனென்றால் அந்த மணல்மேடும் மழையைக் குடித்துக் கீழே அனுப்புகிற ஒரு தொட்டிதான். கோடையில் ஒரு துண்டை வெறுமனே விடுவது. அது மச்சானுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் எழுதினேன். இங்கே ஸேலண்டிலும் பழைய ஓடைத்தடங்களில் மணல்மேடாகக் கிடக்கும் காணிகளுக்கு அடியில் இப்படித்தான் நன்னீர் மிதக்கிறது. மாரியில் மிஞ்சும் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் அதற்குள் இறக்கிச் சேமிக்கிறார்கள், கோடையில் அளவாக எடுக்கிறார்கள். வசதியுள்ள நாட்டுக் கமக்காரருக்கும் கணக்கு அதேதான்.

இதை நான் என் குடும்ப விசயமாக மட்டும் எழுதவில்லை. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலர் ஊருக்குக் கிணறு கட்டிக் கொடுத்திருப்பீர்கள். அல்லது அம்மாவின் நினைவாக, ஊர்ச் சங்கத்தின் பேரால், கட்டிக் கொடுக்க நினைத்திருப்பீர்கள். நல்ல எண்ணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2005 ஜனவரியில் மோட்டர் கொண்டுவந்த பிள்ளைகளின் எண்ணமும் நல்லதுதான். கோப்பை கழுவியும், துப்புரவு வேலை செய்தும் சேர்த்த காசு அது. அந்தக் காசை அனுப்பமுன், ஆவணி மாதத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்ன ருசி என்று ஒருமுறை கேளுங்கள். சுற்றிவரக் கால் மைலுக்குள் எத்தனை மோட்டர் என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் தொலைபேசிக் காசைத் தவிர வேறு செலவில்லை.

அப்பா இப்போது இல்லை. செத்தவீட்டுக்குப் போக என்னிடம் அப்போது தாள்கள் இருக்கவில்லை. பேணிகள் இரண்டு மூன்று இன்னும் குசினிக்குப் பின்னால் கிடக்கின்றன என்று அக்கா சொன்னாள்.

காணி அவளுடையது, முடிவும் அவளுடையது. என் கடிதத்தை அவள்தான் மச்சானுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டாராம். கடந்த ஆவணியில் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். “உப்பில்ல தம்பி. ஆனா அந்தப் பழைய ருசியும் இல்ல” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மாரி போகட்டும், தையில திரும்பக் குடிச்சுப் பார்த்துச் சொல்றன். அதுவரைக்கும் காசு அனுப்பாத” என்றாள்.